சேமித்த தண்ணீரின் கணக்கு

பாசனத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விழுக்காடுகளில்தான் தொடங்குகிறது. வாய்க்கால் பாய்ச்சலின் திறன் இவ்வளவு, தெளிப்புநீரின் திறன் இவ்வளவு, சொட்டுநீரின் திறன் 90 விழுக்காட்டைத் தொடும் என்று ஒரு பட்டியலைக் காட்டி, முதலாவதிலிருந்து மூன்றாவதற்கு மாறினால் மீதமாகும் நீரை ஆற்றுக்கோ நகரத்துக்கோ கொடுத்துவிடலாம் என்று முடிப்பது வழக்கம். உலகெங்கும் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு வேளாண்மைக்கே செல்வதால், இந்தக் கணக்கு கேட்பவரை எளிதில் கவர்ந்துவிடுகிறது. பட்டியலில் உள்ள எண்களில் பெரிய பிழை இல்லை. அவை வயலின் வரப்போடு நின்றுவிடுகின்றன என்பதுதான் என் குறை. வரப்பைத் தாண்டிய நீர் என்ன ஆயிற்று என்று கேட்காத எந்தத் திட்டத்தையும் நீர்ச் சேமிப்பு என்று அழைக்க எனக்குத் தயக்கம் உண்டு.

வயலுக்கு விட்ட நீர் நான்கு வழிகளில் வெளியேறுகிறது. பயிர் வேரால் உறிஞ்சி இலைத்துளைகளின் வழியே விடுவது ஒன்று. ஈர மண்ணிலிருந்தும் தேங்கிய நீர்ப்பரப்பிலிருந்தும் நேரே ஆவியாவது இரண்டு. கடைமடையில் வழிந்து வடிகாலில் சேர்வது மூன்று. வேர் எட்டாத ஆழத்துக்கு ஊறி இறங்குவது நான்கு. முதல் இரண்டு வழிகளில் போன நீர் காற்றோடு கலந்துவிடுகிறது. அது எங்கோ மழையாகப் பெய்யலாம், ஆனால் அந்த ஆற்றுப்படுகையின் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. மற்ற இரண்டு வழிகளில் போன நீர் பெரும்பாலும் அந்தப் படுகையிலேயே இருக்கிறது; கீழே உள்ள ஒருவரின் கிணற்றில் ஊறுகிறது, அல்லது வறண்ட மாதங்களில் ஆற்றின் மெல்லிய ஓட்டமாக வெளிப்படுகிறது. வயல் திறனைக் கணக்கிடும் சூத்திரமோ பயிர் பருகியதை மட்டும் பயன் என்று வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் வேறுபாடின்றி இழப்பு என்று எழுதிவிடுகிறது.

இந்த வேறுபாட்டை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் நன்கு ஆராயப்பட்ட சான்று. எட்டு மாநிலங்களுக்கு அடியில் விரிந்துகிடக்கும் ஒகல்லாலா நீர்த்தாங்கியிலிருந்து அங்கே விவசாயிகள் நீர் இறைக்கிறார்கள். வயலின் நடுவை மையமாகக் கொண்டு சுழலும் தெளிப்பான்களில், நீரை உயரத்திலிருந்து வீசாமல் பயிருக்கு அருகே தாழ்வாக இறக்கும் முனைகளைப் பொருத்த அரசு மானியம் கொடுத்தது. 2014-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, இந்த மாற்றத்துக்குப் பிறகு நிலத்தடி நீர் எடுப்பு குறையவில்லை, கூடியது என்று காட்டியது. ஒவ்வொரு லிட்டரும் முன்பைவிட அதிகம் விளைவித்ததால், கூடுதல் நீர் கேட்கும் பயிர்களுக்கு விவசாயிகள் மாறியது அதற்கு ஒரு காரணம். ரியோ கிராண்டே படுகையைப் பற்றி 2008-இல் வந்த ஆய்வும், பல நாடுகளின் அனுபவங்களைத் தொகுத்து 2018-இல் சயின்ஸ் ஆய்விதழ் வெளியிட்ட கட்டுரையும் இதே திசையில்தான் முடிகின்றன. நீராவி எந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியபோது நிலக்கரியின் மொத்தச் செலவு ஏறியதை 1865-இலேயே ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் கவனித்து எழுதியிருந்தார். நீர்த்துறையில் இருப்பவர்கள் அதைக் கண்டுகொள்ள ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

விவசாயிகளை இதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. கையில் மிஞ்சிய நீரை வைத்து இன்னும் கொஞ்சம் நிலத்தை நனைப்பவர், எவரும் செய்யக்கூடியதைத்தான் செய்கிறார். மானியத்தை வடிவமைத்தவர்கள்தான் மிஞ்சிய நீர் யாருடையது என்பதை எழுத மறந்துவிட்டார்கள்.

இதனால் ஊறி இறங்கும் நீரைத் தடுப்பது எப்போதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஊறிய நீர் உப்பு நிறைந்த அடுக்குக்கோ கடலுக்கோ போய்ச் சேருமானால் அது உண்மையான இழப்பு. மத்திய ஆசியாவில் ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திக்காகத் திருப்பியபோது பல கால்வாய்கள் கரை பூசப்படாமலே வெட்டப்பட்டன. 1954-இல் தொடங்கிய காரகும் கால்வாய் பாலைவன மணலின் ஊடே ஓடி, வழிநெடுகத் தன் நீரைக் கசியவிட்டது. அங்கே கசிந்த நீர் எந்தக் கிணற்றுக்கும் பயன்படும் வகையில் திரும்பவில்லை. அந்த இரண்டு ஆறுகளும் சென்று சேர்ந்த ஆரல் கடல் 1960-களிலிருந்து சுருங்கி, 1980-களின் இறுதியில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்தது. ஊறல் நீர் கூடவே உரத்தின் நைட்ரேட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றலின் கணக்கும் இருக்கிறது: 100 மீட்டர் ஆழத்திலிருந்து 1000 கன மீட்டர் நீரை மேலே கொண்டுவரக் கோட்பாட்டளவிலேயே சுமார் 272 யூனிட் மின்சாரம் வேண்டும், மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனில் ஓடினால் அது 540-ஐத் தாண்டும். அந்த நீரில் ஒரு பங்கு திரும்ப நிலத்தடிக்கே இறங்குவது, நீர்க்கணக்கில் நட்டமில்லை என்றாலும் மின்கணக்கில் நட்டம்தான். ஆகவே ஒரே கருவி ஓரிடத்தில் சேமிப்பாகவும் இன்னோரிடத்தில் வெறும் இடமாற்றமாகவும் இருக்க முடியும்.

எங்கும் எப்போதும் உண்மையான சேமிப்பாக இருப்பது, பயிருக்குப் பயன்படாமல் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரைக் குறைப்பது. இது விளம்பரம் இல்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதற்குக் கிடைக்கும் கவனம் குறைவு. வரிசைப் பயிர் முளைத்த முதல் சில வாரங்களில் நிலத்தின் பெரும்பகுதி வெயிலுக்குத் திறந்தே கிடக்கிறது. அப்போது வயலை விட்டுப் போகும் நீரில் பெரும்பங்கு இலை வழியே போவதல்ல, மண்ணின் மேற்பரப்பிலிருந்து போவது. நன்கு நனைந்த வெற்று நிலம் முதல் ஓரிரு நாட்களுக்கு வானிலை அனுமதிக்கும் முழு வேகத்தில் ஆவியாக்கும். மேல் அடுக்கு உலர்ந்ததும் அந்த உலர்ந்த மண்ணே கீழே உள்ள ஈரத்துக்கு மூடியாகிவிடும். இதனால், நிலம் முழுவதையும் அடிக்கடி லேசாக நனைப்பது சிக்கனம் என்ற நம்பிக்கை தலைகீழானது. இளம் பயிருக்கு நாள்தோறும் தெளிப்பானைச் சிறிது நேரம் ஓட்டுபவர், ஒவ்வொரு நாளும் அந்த மூடியைக் கழற்றி வைக்கிறார். வேர் தாங்கும் அளவுக்கு ஆழமாகப் பாய்ச்சி, இடைவெளியை நீட்டுவது குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய ஆதாயம். வைக்கோல், தழை, அறுவடைக் கழிவு ஆகியவற்றால் மூடாக்கு இடுவது அதே வேலையை முதல் நாளிலிருந்தே செய்கிறது; கூடவே மண்ணின் வெப்பத்தைத் தணிக்கிறது, களையை அடக்குகிறது. ஞெகிழித் தாளும் ஆவியாதலைத் தடுக்கும்தான், ஆனால் கிழிந்த துண்டுகள் மண்ணில் தங்கிவிடுவதைப் பார்க்கும்போது அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எப்போது பாய்ச்சுவது என்ற கேள்வி எவ்வாறு பாய்ச்சுவது என்பதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். மண் தன் துளைகளில் நீரைப் பிடித்துவைக்கிறது. வடிய வேண்டியது வடிந்த பிறகு தங்கும் மேல் எல்லைக்கும், பயிர் மீளமுடியாமல் வாடும் கீழ் எல்லைக்கும் இடையில் உள்ளதுதான் பயிருக்குக் கிடைக்கும் நீர். வண்டல் கலந்த நடுத்தர மண்ணில் இது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் இருக்கலாம். மணற்பாங்கான நிலத்தில் 70 அளவில் நின்றுவிடும். வேர் 60 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் முதல் மண்ணில் 90 மில்லிமீட்டர் கையிருப்பு உண்டு. அதில் பாதியைப் பயிர் சிரமமின்றி எடுத்துக்கொள்ளும் என்று வைத்து, நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் செலவாகிறது என்றால், ஏழு நாட்களுக்கு மேல் மடையைத் தொட வேண்டியதில்லை. அதே வெயிலில், அதே பயிருக்கு, மணல் நிலத்தில் மூன்றரை நாட்களில் நீர் வேண்டும். பக்கத்துப் பக்கத்து நிலங்களில் ஒரே முறைவைத்து நீர் விடும் வழக்கம், ஒன்றில் பயிரை வாட்டுகிறது அல்லது மற்றொன்றில் நீரை ஊறவிடுகிறது.

அந்த 6 மில்லிமீட்டரை எங்கிருந்து பெறுவது? வெப்பம், காற்றின் ஈரம், காற்றோட்டம், சூரியக் கதிர்வீச்சு ஆகிய நான்கிலிருந்தும் ஒப்பீட்டுக்கு வைத்த ஒரு புல்வெளி இழக்கும் நீரைக் கணக்கிட்டு, அதைப் பயிரின் பருவத்துக்குரிய குணகத்தால் பெருக்கும் முறையை, ஐநாவின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட தன் 56-ஆம் பாசன வழிகாட்டி நூலில் வகுத்துத் தந்தது. குணகம் இளம் பயிருக்கு 0.3 அளவிலும், இலைகள் நிலத்தை முழுதாக மூடிய பருவத்தில் 1.1 அல்லது அதற்குச் சற்று மேலாகவும், முதிர்ச்சியில் மறுபடி தாழ்ந்தும் அமையும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு எக்டருக்கு 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். பம்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்தால், எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்பது எளிய வகுத்தல். பம்பின் வெளியேற்றத்தை ஒரு முறையாவது அளந்து பார்த்தவர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்கு மண்ணின் ஈர இழுவிசையைக் காட்டும் டென்சியோமீட்டர் இருக்கிறது. நுண்துளைப் பீங்கான் முனையும், நீர் நிரம்பிய குழாயும், ஒரு வெற்றிட மானியும்தான் அதன் பாகங்கள். இழுவிசை 80 சென்டிபாருக்கு மேல் போனால் அது வேலை செய்யாது என்றாலும், காய்கறிப் பயிர்கள் அந்த எல்லையை எட்டவே கூடாது என்பதால் அது பெரிய குறையல்ல. அதுவும் இல்லையென்றால் மண்வெட்டியால் வேர்மட்டம் வரை தோண்டி, பிடி மண்ணை அழுத்திப் பார்க்கும் பழைய முறை இருக்கவே இருக்கிறது. மேற்பரப்பின் நிறத்தை மட்டும் பார்த்து மடையைத் திறப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பாசன நீரில் மிகப்பெரிய பங்கைக் குடிக்கும் ஒற்றைப் பயிர் நெல் என்பதால், அங்கே நடப்பது தனிக்கதை. நெல் நீரில் வாழப் பழகிய பயிரே ஒழிய, வயலில் எந்நேரமும் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது அதன் கட்டாயத் தேவை அல்ல. களையை அடக்க அது உதவுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்குச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தெளிவான அளவுகோல் தந்தது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள துளையிட்ட குழாய் ஒன்றைப் பாதி அளவுக்கு மண்ணில் புதைத்து, உள்ளே தேங்கிய சேற்றை அகற்றிவிட்டால், நிலத்துக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மறுபடி கட்டுவது வழிமுறை. நட்ட முதல் இரண்டு வாரங்களிலும், பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 விழுக்காடு வரை பாசன நீர் மிஞ்சலாம்; காற்றில்லாச் சேற்றில் நுண்ணுயிர்கள் உருவாக்கும், புவியை வெப்பமாக்கும் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், அதே வகை வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடக்கூடும் என்றாலும்.

இந்த இடத்திலும் கணக்கை நேராகப் போட வேண்டும். மிஞ்சும் அந்த 30 விழுக்காட்டில் பெரும்பகுதி ஊறி இறங்கியிருக்கக்கூடிய நீர். நெற்பயிரின் நீராவிப்போக்கு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. எனவே டீசலோ மின்சாரமோ செலவிட்டு இறைப்பவருக்கு இது உடனடி ஆதாயம். வாய்மடையில் இருப்பவர் குறைவாக எடுத்தால் கடைமடைக்கு நீர் எட்டும் என்பதால் பங்கீட்டுக்கும் நல்லது. படுகையின் மொத்த நீர்ச்செலவு மட்டும் அதே விகிதத்தில் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மொத்தச் செலவைத் தொட்ட ஒரு நடவடிக்கையைப் பஞ்சாபில் காணலாம். 2009-இல் அம்மாநிலம் இயற்றிய நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம், ஜூன் 10-க்கு முன் நெல் நடவு செய்வதைத் தடைசெய்தது. எந்தக் கருவியையும் அது வாங்கச் சொல்லவில்லை. மே மாத வெயிலும் வறண்ட காற்றும் கொளுத்தும்போது தேங்கிய நீரைக் காற்றுக்குக் கொடுப்பதைத் தவிர்த்து, பருவமழையின் ஈரக் காற்றுக்குப் பயிரைத் தள்ளி வைத்தது. ஆவியாகும் நீரே குறைவதால் இது உண்மையான சேமிப்பு. விலையும் இருந்தது. அறுவடை தள்ளிப்போனதால், கோதுமை விதைப்புக்கு முன் வைக்கோலை அகற்றக் கிடைக்கும் நாட்கள் சுருங்கின; அதை எரிப்பது, காற்று அசையாமல் நிற்கும் நவம்பர் வாரங்களில் குவிந்தது.

சொட்டுநீரை நான் எதிர்ப்பதாக இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். அப்படியில்லை, அது எதற்குச் சிறந்ததோ அதற்காக அதை விரும்புகிறேன். 1965-இல் இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்சில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) பொறியாளர் சிம்கா பிளாஸின் வடிவமைப்பை வைத்து வணிக உற்பத்தி தொடங்கியபோது, அவர்கள் முன் இருந்தது பாலைவன நிலமும் உவர்ப்பான நீரும். மணிக்கு 2 அல்லது 4 லிட்டர் என்று வேர்ப்பகுதியில் இறக்கும்போது, உரத்தையும் அதே நீரில் அளந்து கொடுக்க முடிகிறது. சரிவான நிலத்திலும் கற்கள் நிறைந்த நிலத்திலும் பாத்தி கட்டாமல் பயிரிட முடிகிறது. விளைச்சலும் தரமும் சீராகின்றன. இவை போதுமான காரணங்கள்.

ஆனால் பராமரிப்பு இல்லாத சொட்டுநீர், விலை கூடிய சமமற்ற பாசனம். சொட்டுவானின் வழி ஒரு மில்லிமீட்டர் அளவே அகலம். மணல், பாசி, சுண்ணாம்புப் படிவு மூன்றும் அதை அடைக்கும். மணலுக்கு வடிகட்டியும், பாசிக்குக் குளோரினும், சுண்ணாம்புக்கு அமிலமும் என்று மருந்துகள் வேறு வேறு. குழாய்களின் நுனியைத் திறந்து கசடை வெளியேற்றும் வேலையைத் தள்ளிப்போட்டால், முதலில் அடைபடுவது அழுத்தம் குறைந்த கடைசி வரிசைகள். அழுத்தத்தைத் தானே சீராக்கிக்கொள்ளாத சொட்டுவான்களில் அழுத்தம் 20 விழுக்காடு வேறுபட்டால் வெளியேற்றம் ஏறத்தாழ 10 விழுக்காடு வேறுபடும். வயலின் வெவ்வேறு மூலைகளில் சில குவளைகளைச் சொட்டுவான்களுக்கு அடியில் வைத்து, ஒரே நேர அளவில் சேரும் நீரை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். வித்தியாசம் பெரிதாக இருந்தால், கடைசிச் செடி வாடாதிருக்க முதல் செடிக்கு நீர் மிகையாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உப்பைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ் உள்ள நீர் நல்ல நீர் என்றே கருதப்படும். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் அந்த நீரைப் பாய்ச்சினால், எக்டருக்கு 3.2 டன் உப்பு வந்து சேர்கிறது. பயிர் நீரை எடுத்துக்கொண்டு உப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மழை குறைந்த பகுதிகளில் இந்த உப்பை வேர்மட்டத்துக்குக் கீழே தள்ளச் சற்றே கூடுதலான நீர் வேண்டும். மேற்சொன்ன நீரில் தக்காளி பயிரிடுபவருக்கு அந்தக் கூடுதல் அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு. நூறு விழுக்காடு திறன் என்பது, இப்பகுதிகளில், நிலத்தைப் படிப்படியாக உவராக்கும் திட்டமாகிவிடும். சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் சேர்கிறது. லேசான மழை பெய்தால் அது கரைந்து வேரை நோக்கி நகரும் என்பதால், மழையின்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட்டச் சொல்கிறார்கள். முதன்முறை கேட்பவருக்கு அது வீண்செலவாகத்தான் தோன்றும்.

மறுபடி கான்சஸுக்கு வருகிறேன், ஏனெனில் பாடமும் அதற்கான மாற்றுவழியும் ஒரே மாநிலத்தில் கிடைக்கின்றன. அதன் வடமேற்கில், ஷெரிடன், தாமஸ் மாவட்டங்களில் பரவிய ஒரு பகுதியின் விவசாயிகள் 2013-இல் தங்களுக்குத் தாங்களே உச்சவரம்பு விதித்துக்கொண்டார்கள்: ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 55 அங்குலம் மட்டுமே இறைக்கலாம். ஆண்டுக்கு இவ்வளவு என்று வைக்காமல் ஐந்தாண்டுக்குச் சேர்த்து வைத்தது நுட்பமான முடிவு. வறட்சி ஆண்டில் கூடுதலாக எடுத்து மழை ஆண்டில் ஈடுகட்டலாம். இலக்கு 20 விழுக்காட்டுக் குறைப்பு. அதைவிட அதிகமாகவே குறைந்தது. மண் ஈர உணரிகளும் தாழ்வான தெளிப்பு முனைகளும் இப்போது உண்மையிலேயே பயன் தந்தன, ஏனெனில் மிஞ்சிய நீரை வேறெங்கும் செலவழிக்க வழியில்லை. மக்காச்சோளத்தின் பரப்பை ஓரளவு குறைத்துச் சோளத்தையும் கோதுமையையும் கூட்டினார்கள். விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் செலவும் குறைந்ததால், வருமானம் பெரிதாக அடிவாங்கவில்லை.

வரம்பு வெளியிலிருந்து வந்திருந்தால் அது இவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டிருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஸ்பெயினின் வாலன்சியாவில் எட்டு கால்வாய்களின் பாசனதாரர்கள் தேர்ந்தெடுத்த நீர் நீதிமன்றம், இன்றும் வியாழன் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் கூடி, எழுத்தும் வழக்கறிஞரும் இன்றி வழக்குகளைத் தீர்க்கிறது. 2009-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு காட்சி. எனக்கு அதில் பிடித்தது, தீர்ப்பளிப்பவர்களும் அதே கால்வாயில் நீர் பாய்ச்சுபவர்கள் என்பது. வாய்மடைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்பதை அவர்களிடம் மறைக்க முடியாது.

கிணறுகளில் அந்தக் கண்காணிப்பு கடினம், நீர் கண்ணுக்குத் தெரியாமல் போவதால். சூரிய சக்திப் பம்புகள் பரவும்போது இது இன்னும் சிக்கலாகும். பம்பைப் பொருத்திய பிறகு கூடுதல் ஒரு மணி நேரத்துக்குச் செலவே இல்லை என்றால், நிறுத்தக் காரணமும் இல்லை. உபரி மின்சாரத்தை மின்கட்டமைப்பு நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே நிறுத்துவதற்கு ஒரு மதிப்பு பிறக்கிறது. பெரிய வயல்களில் செயற்கைக்கோளின் வெப்பப் படங்களைக் கொண்டு ஆவியான நீரையே நேராகக் கணிக்க முடிகிறது: நீர் ஆவியாகும் நிலம் குளிர்ந்திருக்கும், ஆவியாகாத நிலம் சூடாகும். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு 2021 முதல் இத்தகைய தரவு பொதுவில் கிடைக்கிறது. ஆனால் வெப்பப் படத்தின் ஒரு புள்ளி 100 மீட்டர் அகலம். அரை எக்டர் நிலங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதிகளிலும், மாதக்கணக்கில் மேகம் மூடியிருக்கும் பருவங்களிலும் அது எந்த வயலின் கணக்கையும் தனியே பிரித்துத் தராது. அத்தகைய இடங்களில் பம்பு ஓடிய மணி நேரமும், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கும் ஒரு பலகையும்தான் இப்போதைக்குக் கைக்கெட்டும் கருவிகள்.